கேட் திறப்பதற்கு முன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலையாக வந்து போகிறவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: "அடுத்த தடவை வரும்போது பழவேற்காடு ஏரியைப் பார்த்துடணும் சார்." அடுத்த தடவையும் இதையேதான் சொல்வார்கள். கம்பி மில், வார்ப்படக் கூடம், பைப் கம்பெனி என்று இந்த வட்டாரத்தில் மூன்றாம் தரப்பு ஆய்வாளராக, அதாவது வாங்குகிறவர் சார்பில் பொருளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவனாக, பல பத்தாண்டுகள் அலைந்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்று. ஏரி கிட்டாமல் போவது நேரம் இல்லாததால் இல்லை, நேரத்தைத் தப்பான இடத்தில் தேடுவதால். வேலை முடிந்த பிறகு மிச்சப்படும் நேரத்தில் போய்க்கொள்ளலாம் என்று இருப்பவர் கடைசிவரை போகமாட்டார். விடிகிற வேளையில், மில்லின் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே போய்விட்டு வருகிறவர் போவார். அதிகாலையில் எழுவதன் பெருமையைப் பாட இதை எழுதவில்லை. உலை எப்போது ஓடுகிறது, மின்கட்டணம் எந்த மணிக்கு ஏறுகிறது, ரோடு எப்போது அடைக்கிறது, ஆய்வாளரின் கை எப்போது கட்டப்படுகிறது என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டால் எல்லாக் கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன.

முதலில், வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆய்வாளர் வேலை முக்கால்வாசி காத்திருப்புதான் என்று தோன்றும். அது உண்மையும்கூட. இன்ஸ்பெக்‌ஷன் காலில் (ஆய்வுக்கான அழைப்பில்) "சரக்கு தயார், காலை 10 மணி" என்று இருக்கும். போனால் கட்டுகளில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) போட்டிருக்காது, மாதிரி வெட்டியிருக்காது, வெட்டிய மாதிரி லேத்தில் இருக்கும். டி.எம்.டி. கம்பிக்கான ஐ.எஸ். 1786 தரத்தில் வரும் மறுவளைவுச் சோதனையையே பாருங்கள். கம்பியை 135 டிகிரிக்கு வளைத்து, கொதிக்கும் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு, எடுத்து ஆறவிட்டு, பிறகு 157½ டிகிரிக்குத் திருப்பி நிமிர்த்த வேண்டும். வளைவின் மேல்புறத்தில் விரிசல் கண்டால் அந்த மாதிரி தோற்றது. கொதிக்கிற அந்த அரைமணியும் ஆறுகிற நேரமும் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான். ஆனால் அந்த அரைமணியில் வெளியே போய்விட்டுத் திரும்ப முடியாது. போனால் கொதித்தது அதே கம்பிதானா என்று நீங்கள் சாட்சி சொல்லவும் முடியாது. இந்தத் தொழிலில் காத்திருப்பு நோட்டாகக் கிடைக்காது, சில்லறையாகத்தான் கிடைக்கும். எல்லாச் சில்லறையையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் வரும். ஆனால் சேர்க்கத்தான் முடியாது.

இரண்டாவது, எல்லாரும் நம்பியிருக்கும் மாலை. சோதனை நான்கு மணிக்கு முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான நெருக்கடி தொடங்கும். லாரி உள்ளே நிற்கும், டிரைவர் டயருக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்திருப்பார், டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் ஒரு எண் மாறியிருக்கும், திருத்தி அச்செடுக்க வேண்டும். ரிலீஸ் நோட் கைக்கு வரும்போது ஐந்தரை. ஜனவரியில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். ஜி.என்.டி. ரோட்டில் நல்லூர் சுங்கச்சாவடி, செங்குன்றம், மாதவரம் என்று ஒவ்வொரு இடத்திலும் லாரிகளோடு ஊர்ந்து நகரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மாலையில் நீங்கள் அந்த மில்லின் விருந்தாளி ஆகிவிடுகிறீர்கள். "நம்ம வண்டி இருக்கு சார், ஏரிக்கரையில் இறால் வறுவல் நல்லா இருக்கும், ராத்திரி வீட்டில் இறக்கிவிட்டுடுவோம்" என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் காலையில் அவர் சரக்கைத் தள்ளும் அதிகாரத்தோடு உள்ளே போனவர் மாலையில் அவர் காரில் ஏறினால், அடுத்த மாதம் விரிசல் விட்ட மாதிரியைக் கண்டு "தள்ளுபடி" என்று எழுதும்போது பேனா ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் வாங்குகிறவர் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார். கேட்டுக்குள் போவதற்கு முன் பார்க்கிற ஏரிக்கு யாருக்கும் நன்றிக்கடன் இல்லை.

இனி காலையின் பக்கம் வருவோம். இங்கே எனக்குத் துணையாக வருவது மின்வாரியம். உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு, 2022 கட்டண மாற்றத்துக்குப் பிறகு, காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் பீக் ஹவர். அந்த நேரத்தில் எடுக்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் விடிகாலை 5 வரை எடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடி. பழைய இரும்பை உருக்கி பில்லெட் வார்க்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு முதல் செலவு இரும்பு என்றால் அடுத்த பெரிய செலவு கரண்ட். ஆகவே காலை ஆறு முதல் பத்துவரை உலையை முழு வேகத்தில் ஓட்ட எந்த முதலாளிக்கும் மனம் வராது. ராத்திரி வார்த்ததை எண்ணுவதும், குவிப்பதும், பராமரிப்பு வேலையும் அப்போது நடக்கும். ஏழு மணிக்கே போய் கேட்டில் நின்றாலும் செக்யூரிட்டி கொடுக்கும் நாற்காலிதான் கிடைக்கும். 2008 வாக்கில் தொடங்கிய மின்வெட்டு ஆண்டுகளில் இது இன்னும் கடுமையாக இருந்தது. மாலை பீக் ஹவரில் ஆலைகள் கிட்டத்தட்ட விளக்கு எரிக்கும் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தபோது மில்களின் நாள் முழுக்க ராத்திரிக்கு இடம்பெயர்ந்தது. மாதிரிகள் நடுச்சாமத்தில் பிறந்தன, ஆய்வாளர் அவற்றை முற்பகலில் பார்த்தார். மின்வெட்டு போய்விட்டது, காலை அவசரமில்லாத பொழுதாக இருப்பது மாறவில்லை. ஏரியில் பறவைகள் மேயும் நேரமும் மில்லில் மீட்டர் சூடாகும் நேரமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும், நமக்கு அது வசதியாகப் போயிற்று.

போக்குவரத்தும் இதே திசையில்தான் மாறியிருக்கிறது. கைபேசி வருவதற்கு முன்பு ஆய்வுக்கு அழைப்பு கடிதமாகவோ தந்தியாகவோ வரும். சரக்கு தயாரா இல்லையா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். பாரிமுனையில் பஸ் ஏறி, ஒற்றை ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அந்தக் காலத்தில் "காலையில் ஏரி" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். தங்க நாற்கரத் திட்டத்தில் சாலை நான்கு வழியான பிறகும், இருப்பதில் நம்பகமானது புறநகர் ரயில்தான் என்பது என் கருத்து. விடிவதற்கு முன்பே சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து வண்டி இருக்கிறது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வரிசையாக நிற்கும். நகரத்தை நோக்கி வருகிற ரயில்தான் காலையில் பிதுங்கும். நாம் போகும் திசையில் உட்கார இடம் கிடைக்கும். பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காடு சுமார் 18 கிலோமீட்டர், பஸ் உண்டு. கைபேசியும் வந்துவிட்டதால் ஏரிக்கரையில் நின்றுகொண்டே "மாதிரி வெட்டியாச்சா?" என்று கேட்டுவிடலாம். வெட்டவில்லை என்றால் இன்னொரு அரைமணி ஏரியில் கழியும், மில் வாசல் நாற்காலியில் கழியாது.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமானது. ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பைக் கொண்டுவரும். மழைக்குப் பிறகு தண்ணீர் மெல்ல வடிந்து, முழங்காலளவு ஆகும் ஜனவரி, பிப்ரவரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். தூரத்தில் வெளிர் சிவப்புக் கோடு மாதிரிதான் தெரியும். பைனாகுலரில் ஒன்றை மட்டும் பிடித்துப் பார்த்தால், தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, இரண்டு காலாலும் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே நகர்வது தெரியும். கலங்கிய நீரை அலகால் வடிகட்டி, சிற்றுயிர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளிவிடும். சலித்துத் தரம் பிரிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அதைப் பார்க்கச் சலிக்காது. அதே சேற்றில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிப்பதையும் காணலாம். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் துழாவ, கிடைத்ததை அப்படியே பறிக்குள் போடுவார்கள். வலை போடும் மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை இருக்கிறது: எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. ஏரி தூங்கும் இடமில்லை, அதுவும் ஒரு ஷிப்ட் ஓடும் இடம். அந்த ஷிப்டும் விடிகாலையில்தான்.

பறவைப் படம் எடுப்பவர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். அண்ணாமலைச்சேரியோ சுண்ணாம்புக்குளமோ, நம் பக்கத்துக் கரையெல்லாம் ஏரிக்கு மேற்கே இருக்கிறது. காலையில் நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவை வெறும் நிழலாகத் தெரியும், மாலையில்தான் வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும் என்பார்கள். சரிதான். ஆனால் மாலையில் கடற்காற்று எழுந்து தண்ணீர் சிலுசிலுத்திருக்கும். காலையில் கண்ணாடி போல இருக்கும். வெளிச்சமும் வேண்டும், காலையும் வேண்டும் என்பவருக்கு சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டா போகும் ரோடு இருக்கிறது. அது ஏரியைக் கிழக்கு மேற்காக அறுத்துக்கொண்டு போவதால், வடக்கிலும் தெற்கிலும் பார்க்கலாம், சூரியன் பக்கவாட்டில் நிற்கும். படம் வேண்டாம், பார்த்தால் போதும் என்பவருக்கு இந்த விவாதமே வேண்டியதில்லை. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். அதற்குள் நமக்கும் கிளம்பும் நேரம் ஆகியிருக்கும்.

அலுவலக வேலையாக வந்தவர் வேடிக்கை பார்க்கலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. இதற்குப் பதில் திருவள்ளூர்ப் பக்கம் இருக்கிறது. காக்களூர் தொழிற்பேட்டைக்கு வருகிறவர்களுக்குப் பழவேற்காடு தூரம். பூண்டி நீர்த்தேக்கம் பக்கம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டு, அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் 1863 செப்டம்பரில் இராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார்கள். இருவரும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சம்பளக்காரர்கள். துறை அவர்களை அனுப்பியது பாறைகளை வரைபடமாக்க. ஆதிமனிதனைத் தேட யாரும் பயணப்படி கொடுக்கவில்லை. போகிற வழியில் கண்ணை மூடிக்கொள்ளாததால் கிடைத்தது அது. அதே இடத்தில் பின்னாளில் சாந்தி பப்புவின் குழு அகழாய்வு செய்து, அந்தக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் அறிவித்தது. நாம் எல்லாரும் ஃபுட் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் அலுவல் பயணத்தில் அலுவலைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்ற விதி இருந்திருந்தால், இந்த மாவட்டத்தின் மிகப் பழைய பட்டறை இன்னும் செம்மண்ணுக்குள் கிடந்திருக்கலாம்.

இதற்காக, கம்பெனி காசில் ஊர் சுற்றலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். வாடகைக் காரின் கிலோமீட்டர் வாங்குகிறவர் பில்லில் ஏறுகிறது என்றால், ஏரிக்குத் திரும்பிய கிலோமீட்டரை உங்கள் பையிலிருந்து கொடுங்கள். வேலை நிமித்தமான வழியை விட்டு விலகிய இடத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் வழக்கு வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். காலை நேரத்தின் இன்னொரு நன்மை இங்கேதான் தெரியும்: அது யாருடைய நேரமும் இல்லை. பத்து மணி ஆய்வுக்கு ஒன்பதே முக்காலுக்கு நீங்கள் கேட்டில் இருந்தால், ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. மாலையில் போனால் அந்த நேரம் வேலையிலிருந்து திருடியதா இல்லையா என்ற சந்தேகம் உங்களுக்கே இருக்கும். தூக்கம் கெட்டு வேலை கெடாதா என்று கேட்டால், கெடும். முந்தின இரவு பத்து மணிக்குப் படுக்காதவர் போகக் கூடாது. அரைத்தூக்கக் கண்ணோடு விரிசலைத் தேடுவது, வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கையில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குப் படகு தேவையே இல்லை. கரையிலிருந்தே எல்லாம் தெரியும். யாராவது "சும்மா ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தடா அருவியையும் வேலை நாளில் பார்க்கும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். வரைபடத்தில் பக்கமாகத் தெரியும். ஆனால் காட்டுக்குள் மணிக்கணக்கில் வழுக்குப் பாறையில் நடக்க வேண்டும், மலையில் மழை பெய்தால் வெள்ளம் சொல்லாமல் வரும். அது விடுமுறை நாள் இடம். வேலை நாளுக்குப் பொருத்தமான இடத்துக்கு என் அளவுகோல் மூன்று: கேட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், டிக்கெட்டுக்கும் திறப்பு நேரத்துக்கும் காத்திருக்கக் கூடாது, எந்த நிமிடத்திலும் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப முடிய வேண்டும். பழவேற்காட்டுக் கரையும் பூண்டிக் கரையும் மூன்றிலும் தேறும்.

புகையும் தூசியுமான இந்த ஊரில் இயற்கையைத் தேடுவானேன், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போகலாமே என்பவர்களும் உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் தொழிலும் ஏரியும் இங்கே ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்ததில்லை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணி வாங்க. மாதிரித் துணியை வைத்துக்கொண்டு, நெய்து வந்ததை அதோடு ஒப்பிட்டு, சேராததைத் தள்ளினார்கள். ஆக, நம் தொழில் இந்தக் கரைக்கு நானூறு ஆண்டு பழசு. அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. இன்றைக்கும் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் ஏரியின் தென்கோடிக்கு அருகே வந்து நிற்கின்றன. பக்கிங்காம் கால்வாய் எண்ணூரையும் ஏரியையும் இணைக்கிறது. முகத்துவாரத்தை மணல் மூடும்போதெல்லாம் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தொழிற்பேட்டையிலிருந்து பிழைக்கிற நாம் அதன் பக்கத்து வீட்டை ஒரு முறையாவது போய்ப் பார்ப்பது சுற்றுலாவில் சேராது. கூட்டம் சேர்ந்தால் ஏரி கெடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கெடுப்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அது விட்டுப்போகும் பிளாஸ்டிக்கும்தான். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் தனியாக வந்து, கரைக்கடையில் டீயும் இட்லியும் சாப்பிட்டுவிட்டுப் போகிறவரால் ஏரிக்கு நஷ்டமில்லை, கடைக்கு லாபம்.

கொரோனா காலத்தில் வந்த காணொளி ஆய்வு இப்போதும் தொடர்கிறது. வீட்டிலிருந்தபடியே திரையில் கம்பி வளைவதைப் பார்த்துக் கையெழுத்திடலாம். நேரில் போகும் பயணங்கள் முன்பு போல இல்லை, இனியும் குறையும். போகிற பயணமாவது இரண்டு வேலைக்கு உதவட்டும். அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் கால் ஜனவரியில் வந்தால், சரக்கு எப்போது தயாராகும் என்று கேட்பதற்கு முன் சூரியன் எப்போது உதிக்கிறது என்று பாருங்கள்: ஆறரை மணி வாக்கில். கேட் பாஸ் போடும்போது ஒன்பதரை ஆகியிருக்கும். பையில் இன்னொரு ஜோடி செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஏரிச் சேறு பட்ட சேஃப்டி ஷூ மத்தியானம் வரை காயாது.